மேடைக்கு மேல் ஓடாத மின்விசிறி

சிஸ்டர் ரெஜினா சுவிட்சைத் தட்டினார். எதுவும் நடக்கவில்லை.

அணைத்துவிட்டு மறுபடியும் தட்டினார். மேடைக்கு மேலே தொங்கிய மின்விசிறி அசையவில்லை. அதன் தண்டில் மாணவிகள் கட்டிவைத்த ரோஸ் நிற ரிப்பன்கூட ஆடவில்லை.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த முற்பகல். மண்டபம் முழுக்கப் பெற்றோர்கள். மல்லிகை வாசம், வியர்வை வாசம், ஜன்னல்களுக்குப் புதிதாக அடித்த பெயின்ட் வாசம் மூன்றும் கலந்து, நகர இடமில்லாமல் நின்றன. மூன்றாம் பருவத்தின் கடைசி நாள் அது. எங்கள் பள்ளியில் அன்றைக்கு எல்லா வகுப்புப் பெற்றோரும் வருவார்கள். பொதுத்தேர்வு முடித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் கலர் டிரஸ்ஸில் வருவார்கள்.

சுவிட்சைத் தட்டுவதற்குச் சற்று முன்புதான் சிஸ்டர் மைக்கில் சொல்லியிருந்தார்: "இந்த ஃபேனுக்குக் காயில் கட்டினது வெளி ஆளு இல்லைங்க. நம்ம பத்தாம் வகுப்புத் தர்ஷினி."

அதனால் எல்லாத் தலைகளும் தர்ஷினியைத் தேடின. அவள் மேடைப் படிக்கட்டின் கீழே என் பக்கத்தில் நின்றாள். அவள் மேலே பார்க்கவில்லை. மண்டபத்தின் கடைசித் தூணைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அப்பா கந்தசாமி, ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்போடு, தோளில் துண்டுடன் நின்றிருந்தார்.

மகள் பாலிடெக்னிக்கில் மின்சாரப் படிப்பு படிக்கலாமா கூடாதா என்று அன்றைக்குச் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்னைக்கு ஓடற ஃபேனைக் காட்டறேன் என்று மகளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு பொருள் வேலை செய்யாதபோது என் மனம் தானாகவே வரிசை போடும். அன்றும் போட்டது. ஒன்று, சுவிட்சும் ரெகுலேட்டரும்; அவை நாங்கள் புதிதாக மாற்றியவை. இரண்டு, கண்டென்சர். மூன்று, உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில். கண்டென்சர் போயிருந்தால் ஃபேன் சுற்றாவிட்டாலும் முனகும். இது முனகவே இல்லை.

மூன்றாவதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 

சிஸ்டர் ஸ்கூல்

ராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் இடையில் எங்கள் பள்ளிக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. பஸ் கண்டக்டர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. "சிஸ்டர் ஸ்கூல் எறங்கு" என்பார்கள்.

நான் படித்ததும் அங்கேதான். திருச்செங்கோட்டுப் பக்கம் மின்பொறியியல் முடித்து, ஓசூரில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். மோட்டாரைத் தொடாமலே மோட்டாரைப் பற்றி அறிக்கை எழுதும் வேலை. தொட்டுப் பார்க்க ஆண்கள் இருந்தார்கள். இரண்டு பொங்கலுக்கு மேல் என்னால் முடியவில்லை. பள்ளியில் ஆய்வகப் பொறுப்புக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் வந்துவிட்டேன்.

பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தறி வீடுகளிலிருந்தும் தோட்டத்து வீடுகளிலிருந்தும் வருபவர்கள். பரீட்சை நாட்களில், மாதா சிலை நிற்கும் குகை போன்ற கெபிக்கு மல்லிகைச் சரம் சாத்திவிட்டு, மாரியம்மன் கோயிலில் சுற்றுவதைப் போலவே கெபியை மூன்று முறை சுற்றுவார்கள். சிஸ்டர் ரெஜினா தலைமையாசிரியையாக வந்த புதிதில், மாதாவைச் சுற்ற வேண்டியதில்லை, முன்னால் நின்று ஜெபித்தாலே போதும் என்று காலை வழிபாட்டில் எடுத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளும் சுற்றினார்கள். கெபிக்குப் பின்னால் நெருஞ்சி மண்டிக் கிடந்ததால் பாதி பேர் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி வந்தார்கள். அடுத்த பருவம் தொடங்கியபோது கெபியைச் சுற்றி வளைவாக ஒரு சிமென்ட் பாதை போடப்பட்டிருந்தது. போட வைத்தது சிஸ்டர்தான். அவர் அப்படிப்பட்டவர்.

பருவக் கடைசி நாளில் சிஸ்டர் 'பருவச் செய்திகள்' வாசிப்பார். அதற்காகவே பெற்றோர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த மாணவியின் பெரியப்பா காலமானார், சத்துணவு அம்மாவின் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை, எந்தக் கிணறு வற்றியது, கோ-கோ அணி எந்த ஊரில் தோற்றது என்று எல்லாம் வரும். தோற்றதையும் வாசிப்பார். ஒரு முறை சிஸ்டர்கள் வசிக்கும் மடத்துப் பசு கன்று போட்டதை வாசித்தபோது, மதிப்பெண் அறிவித்த நேரத்தைவிட அதிகமாகக் கை தட்டினார்கள்.

ஸ்பேனர் செட்டு

காயில் கட்டும் வேலை எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த வருடம் மாணவிகள் கழிப்பறையில் விளக்கு எரியவில்லை. எலெக்ட்ரீசியனுக்குச் சொன்னோம். பெண் பிள்ளைகள் இருக்கும்போது வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி, கேட்டைத் திறக்க மாட்டோம் என்றது மடம். இரண்டு பக்கமும் நியாயம்தான். விளக்கு மட்டும் எரியவில்லை. சிறுமிகள் இருட்டுக்குப் பயந்து வீடு போகும்வரை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் மெயினை அணைத்துவிட்டு நானே மாற்றினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அடுத்த விளக்கை நாங்கள் மாற்றுகிறோம் என்றார்கள். அப்படித்தான் தொடங்கியது. குழாய், பெஞ்சு ஆணி, சுவிட்சு, அப்புறம் மின்விசிறி. மற்ற பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஸ்பேனர் செட்டு. கேலியாக வைத்த பெயர். இவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

செட்டுக்கு நான் வைத்த விதிகள் பல. மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று. எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்துக்கு மின்சாரம் விடும் பீங்கான் ஃபியூஸ் கட்டையை, வேலை செய்பவளே கழற்றித் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அவளே போட வேண்டும். இடையில் யார் கேட்டாலும் தரக் கூடாது. நான் கேட்டாலும்.

தர்ஷினி செட்டுக்கு வந்தபோது ஒன்பதாம் வகுப்பு. அவள் வீட்டில் பட்டுத் தறி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவோடு உட்கார்ந்து நூல் சுற்றிய கை. ஃபேனின் உள்வட்டமான ஸ்டேட்டரின் பள்ளங்களில் செம்புக் கம்பியை அவள் சுற்றி ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாது. கம்பி தளராது, இறுகியும் அறுபடாது. மற்ற பிள்ளைகள் காயில் கட்டினால் நான் பிரித்துப் பார்ப்பேன். அவள் கட்டினால் பார்க்க வேண்டியிருக்காது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்று கேட்டபோது தயங்காமல் சொன்னாள். பாலிடெக்னிக், எலெக்ட்ரிக்கல்.

பாக்கலாமுங்க

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கந்தசாமி தறியில் இருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் தயாராகப் போயிருந்தேன். படிப்புக் காலம், பஸ் வசதி, பெண்களுக்கான விடுதி, படித்தபின் உள்ள வேலைகள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பொட்டப்புள்ளைக்கு எதற்கு என்ற பேச்சு வரும் என்று பதிலும் வைத்திருந்தேன். அது வரவே இல்லை.

"படிக்கட்டுமுங்க டீச்சர். வேண்டாங்கல. எதுவேணா படிக்கட்டும். கரண்டு மட்டும் வேண்டாமுங்க."

ஏன் என்றேன். அவர் தறியில் நீட்டியிருந்த பாவில் ஓர் இழையை விரலால் சரிசெய்தார். சிஸ்டர் பிளஸ் ஒன்னுக்கு இடம் எடுத்து வைத்திருக்கிறார், காமர்ஸ் குரூப், வீட்டுப் பக்கம், பிள்ளைக்கும் பழகிய பள்ளிக்கூடம் என்றார். அது உண்மைதான். தர்ஷினியைப் போன்ற பிள்ளையை விட்டுவிட எந்தத் தலைமையாசிரியைக்கும் மனம் வராது. சிஸ்டர் என்னிடமே சொல்லியிருந்தார்.

நான் கிளம்பும்போது அப்பாவோடு மகளும் வாசல்வரை வந்து, அவரிடம் மேடை ஃபேனின் கதையைச் சொன்னாள். பல வருடமாக ஓடாத ஃபேன். பரீட்சை முடிந்ததும் அதற்குக் காயில் கட்டப்போவதாகவும், கடைசி நாளில் அப்பா வந்து பார்க்க வேண்டும் என்றும், பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள்.

"பாக்கலாமுங்க. அன்னைக்கே சொல்றனுங்க" என்றார் அவர், மகளைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

கழற்றினோம்

மண்டபத்தில் சிரிப்பு எதுவும் எழவில்லை. அது கூடுதல் கஷ்டமாக இருந்தது. சிஸ்டர் மைக்கில், "சரி, கையில இருக்கற நோட்டீஸ விசிறிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வரவேற்புப் பாடலுக்குப் போய்விட்டார்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை.

"கழட்டிடலாம் மிஸ்."

"இப்பவா? கூட்டம் நடக்குது."

"அப்பா மூணு மணி பஸ்ஸுக்குப் போயிருவாரு."

நான் சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு கணம் என்னையும், ஒரு கணம் மேடையையும் பார்த்தார். பாடல் முடியட்டும், எல்லோரையும் மேடைக்குக் கீழே உட்கார வைத்துக்கொள்கிறேன் என்றார்.

பாடல் முடிந்தது. தர்ஷினி புது சுடிதாருக்கு மேல் ஸ்பேனர் செட்டின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். மேடையின் பக்கக் கதவுக்கு வெளியே, வராந்தாச் சுவரில் போர்டு. மண்டபத்துக்கான பீங்கான் கட்டையைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். மைக்கும் அணைந்தது. ஏணியை நான் பிடித்தேன். ஃபேன் இறங்கியது.

எதிர்ப்பக்க இயற்பியல் ஆய்வகத்துக்கு வேறு இணைப்பு. அங்கே மேசைமேல் வைத்துப் பிரித்தோம். மீட்டரை வைத்ததும் விஷயம் தெரிந்தது. காயிலில் எங்கோ துண்டிப்பு. ஆனால் எங்கே? கம்பி முழுசாகத்தான் இருந்தது. விரலால் தடவினேன். எதுவும் தட்டுப்படவில்லை.

"இங்க" என்றாள் அவள். வெளியே வரும் முனைக்குப் பக்கத்தில் கம்பியை மூடிய ஸ்லீவ் குழாயை விலக்கினாள். "முந்தாநாள் மூடும்போது இந்த எடத்துல அறுந்துச்சு மிஸ். பிணைச்சுட்டேன்."

குனிந்து பார்த்தேன். பார்த்தபின்பும் இணைப்பைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது. பட்டில் இழை அறுந்தால், துணியில் தடவினாலும் தெரியாதபடி இரு முனைகளையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் திரித்துச் சேர்ப்பார்கள். எவ்வளவுக்குத் தெரியவில்லையோ அவ்வளவுக்கு நல்ல இணைப்பு. அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

செம்புக் கம்பியின்மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொட வைத்து, ஈயம் பற்றவைத்தால்தான் மின்சாரம் போகும். சுரண்டாமல் எவ்வளவு அழகாகத் திரித்தாலும் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இது அவளுக்குத் தெரியாததல்ல. மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அறுந்த இழையைக் கண்டதும் கை முந்திக்கொண்டது. கை அவ்வளவு நன்றாகச் செய்ததால், மறுபடி மீட்டர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"சொரண்டுனியா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கையை வாய்மேல் வைத்தாள். பிறகு சிரித்தாள். "எங்கம்மா பாத்திருந்தா மார்க்கு போட்டிருக்கும்."

பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கட்டை யாரிடம்

ஆய்வக வாசலில் கந்தசாமி வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மகள் பையில் வைத்ததை வராந்தாவிலிருந்து பார்த்திருக்கிறார்.

"சாமி, அந்தப் பீஸ் கட்டைய எங்கிட்டக் குடு. நான் வெச்சுக்கறேன்."

"தர முடியாதுப்பா" என்றாள், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரு வேல செய்யறாங்களோ அவங்கதான் வெச்சுக்கோணும்."

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் ரெஜினாவும் வந்தார். ஃபேன்தான் கீழே இருக்கிறதே, கட்டையைச் சற்று நேரம் போட்டால் மைக்கில் பருவச் செய்திகளை வாசித்துவிடுவேன் என்றார். நியாயமான கோரிக்கைதான். தர்ஷினி எழுந்து நின்றாள். எழுந்து நின்றே மறுத்தாள்.

"மேல வயரு மூடாமத் தொங்குது சிஸ்டர். மாட்டிட்டுப் போடறேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த விதியை எழுதியவள். அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மைக் இல்லாமல் அவர் குரல் மண்டபத்திலிருந்து கேட்டது. தூணுக்குப் பின்னால் நின்ற அப்பாக்கள் எல்லாம் காதில் விழுவதற்காக முன்னால் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

வராந்தாவில் கந்தசாமி என்னிடம் பேசத் தொடங்கினார். மகளுக்குக் கேட்காத அளவில். அவர் தம்பி குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருந்தாராம். ஒரு தறியின் மோட்டார் நின்றுவிட்டது. தம்பி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மோட்டாரில் கை வைத்திருக்கிறார். மெயின் போர்டு சுவருக்கு அந்தப் பக்கம். கூலிக்கு வந்தவர் ஒருவர், மற்றத் தறிகளும் நிற்கின்றனவே என்று மெயினைப் போட்டுவிட்டிருக்கிறார்.

"கெட்டவங்க யாருமில்லீங்க டீச்சர். போட்டவனும் நல்லவன்தான். உள்ள ஆளு இருக்கறது அவனுக்குத் தெரியாது. இவளுக்குச் சித்தப்பன் கரண்டு அடிச்சுச் செத்தான்னு மட்டுந்தான் தெரியும். எப்படின்னு தெரியாது."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "அதுக்குத்தாங்க கட்டைய அவங்கவங்க பையில வைக்கறது" என்றேன்.

அவர் உள்ளே மகளின் கோட்டுப் பையைப் பார்த்தார். உள்ளே ஈயம் உருகும் வாசனை வந்தது. மீட்டர் இந்த முறை, இணைப்பு சேர்ந்துவிட்டது என்று கீச்சென்று ஒலித்தது.

போர்டுக்கு முன்னால்

ஃபேனை மறுபடி ஏற்றினோம். தர்ஷினி ஏணியின் உச்சியில். நான் கீழே ஒரு காலால் ஏணியை அழுத்தி, இரு கையாலும் பிடித்திருந்தேன். பருவச் செய்திகள் முடிந்து, மண்டபம் நிறைவுப் பாடலுக்குக் காத்திருந்தது. எங்கள் ஊரில் நிறைவுப் பாடலைக் கீபோர்டு இல்லாமல் பாடியதாக நினைவில்லை.

பக்கக் கதவு வழியே வராந்தா தெரிந்தது. வெயிலிலிருந்து வராந்தாவுக்கு வருபவருக்கு, விளக்கணைந்த மேடை தெரியாது.

விளையாட்டு ஆசிரியை செல்வி கையில் ஒரு பீங்கான் கட்டையோடு வேகமாக வந்தார். கீழ் வகுப்புக் கட்டடத்துப் போர்டிலிருந்து பிடுங்கி வந்தது. அவர்மேல் தவறில்லை. பாட்டுக்கு நேரமாகிவிட்டது, ஒரு காலிக் கட்டை இடம் இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நான் கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் ஏணியின் மேலே இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள்.

போர்டுக்கு முன்னால் கந்தசாமி நின்றிருந்தார். எப்போது போய் நின்றார் என்று எனக்குத் தெரியாது. முதுகைப் போர்டின்மேல் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

செல்வி டீச்சர் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பாட்டு முடிந்ததும் கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

"போடாதீங்க."

"சிஸ்டர்தாங்கண்ணா பாட்டுக்கு ரெடி பண்ணச் சொன்னாங்க."

"யாரு சொன்னாலும் போடாதீங்க. எம்புள்ள மேல நிக்குது. அவ எறங்கி வந்து அவ கையாலதான் போடுவா."

"இன்னும் எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

"அது அவளுக்குத்தானுங்க தெரியும்."

மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. "பின்னைப் போடு" என்றேன் மெதுவாக. ஃபேனைத் தாங்கும் பின்னைப் போட்டு, அந்தப் பின்னின் இரு கால்களையும் விரித்து வளைத்தாள். ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் இறங்கினாள்.

மண்டபம் கீபோர்டு இல்லாமலே பாடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சுருதி விலகினாலும் சத்தமாகவே பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு நடுவில் அவள் வராந்தாவுக்குப் போனாள். அப்பா நகர்ந்து வழி விட்டார். பொத்தானைக் கழற்றி, கட்டையை எடுத்துப் போட்டாள். உள்ளே வந்து சுவிட்சைத் தட்டினாள்.

ஃபேன் முதலில் யோசித்தது. பிறகு சுற்றியது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்ததால் யாரும் கை தட்டவில்லை.

பாட்டு முடிந்து கூட்டம் கலைந்தபோது கந்தசாமி மேடைக்கு வந்தார். மேலே ஒரு தடவை பார்த்தார்.  நேராகச் சிஸ்டர் ரெஜினாவிடம் போனார்.

"மார்க்கு வந்ததும் டி.சி. வேணுமுங்க சிஸ்டர்."

"எதுக்குங்க? பிளஸ் ஒன்னுக்கு இடம் வச்சிருக்கேனே."

"தெரியுமுங்க. அத வேற புள்ளைக்குக் குடுங்க. இவ பாலிடெக்னிக்கு போறாளாம்."

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மாணவி ஒருத்தி கையை விட்டுப் போவது அவருக்கு வலித்திருக்கும். குரலில் அது தெரியவில்லை.

"அவ போறாளாமா? நீங்க அனுப்பறீங்களா?"

கந்தசாமி திரும்பிப் பார்த்தார். தர்ஷினி நீலக் கோட்டைக் கழற்றி, நெற்றியில் ஒட்டியிருந்த கிரீஸை அதிலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க அனுப்பறேன்" என்றார். "மொத நாளு நானே கூட்டிட்டுப் போயி உட்டுட்டு வாரனுங்க."